500 பில்லியனை எந்த வழியில் கொடுப்பது? அனர்த்த நிவாரண வழிகள்: ஓர் ஒப்பீடு

டித்வா சூறாவளி 2025 நவம்பர் 28ஆம் திகதி இலங்கைக்குள் நுழைந்தது. 25 மாவட்டங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. உயிரிழந்தோர் 600ஐத் தாண்டினர். மூன்று வாரம் கழித்து, 2026ஆம் ஆண்டுச் செலவுக்கென 500 பில்லியன் ரூபாவுக்கான குறைநிரப்பு மதிப்பீட்டை, அதாவது வரவுசெலவுத் திட்டத்துக்கு மேலான செலவு அனுமதியை, பாராளுமன்றம் நிறைவேற்றியது. 2024 குடிசனக் கணக்கெடுப்பில் வந்த 2 கோடி 17 இலட்சம் பேருக்கும் அதைப் பிரித்தால் தலைக்குச் சுமார் 23,000 ரூபா. கைக்குழந்தையும் அந்தக் கணக்கில் அடக்கம்.

தொகை வெளிவந்ததிலிருந்து கொழும்பில் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளிலும் புறக்கோட்டைக் கடைகளிலும் ஒரே வாக்குவாதம். களனி ஆற்றங்கரையில் வீடு கட்டியவர்களுக்கு என் சம்பளத்திலிருந்து ஏன் போகவேண்டும் என்று ஒரு பக்கம். அரசாங்கம் இருப்பதே இதற்குத்தானே என்று மறுபக்கம். கொடுப்பதா இல்லையா என்ற கேள்வி வாக்கெடுப்போடு முடிந்துவிட்டது. எந்தப் பணத்தை, எந்த வடிவில், யார் கையில், எந்த நிபந்தனையோடு கொடுப்பது என்பதில்தான் இன்னும் தெரிவு இருக்கிறது. அந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோடுவதே இங்கே நோக்கம்.

அதற்கு முன் "வரி கட்டுகிறவர்", "நிவாரணம் வாங்குகிறவர்" என்ற பிரிவினையைத் தீர்த்துவிடலாம். சம்பளத்தில் வருமான வரி கழிபடுவது 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாவுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு மட்டுமே. ஆனால் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அதை மெத்தை வாங்குகிறவர், மின்விசிறி வாங்குகிறவர், சுவருக்கு நிறம் பூசுகிறவர் எல்லோருமே கட்டுகிறார்கள். வெள்ளம் புகுந்த வீட்டுக்கு வீட்டுப் பாவனைப் பொருட்கள் வாங்க அரசாங்கம் 50,000 ரூபா அறிவித்தது. அதை முழுவதும் வரி பதிவுள்ள கடையில் செலவழித்தால், விலைக்குள் இருக்கும் வரியாக சுமார் 7,600 ரூபா திறைசேரிக்கே திரும்புகிறது. களனியோரத்து வெல்லம்பிட்டியில் சேற்றை வழிக்கிறவரும் வரி கட்டுகிறவர்தான்.

எங்கே இறுக்கம், எங்கே தளர்வு

வழிகளை ஒப்பிடுமுன் தொகைகளின் அளவைப் பார்க்கவேண்டும். வீடு துப்புரவு செய்ய 25,000 ரூபா கொடுப்பனவுதான் அதிகம் சண்டைக்கு உள்ளான தொகை. பக்கத்து வீட்டுக்குக் கிடைத்தது எனக்கில்லை, தண்ணீர் வாசலோடு நின்ற வீட்டுக்கும் எழுதியிருக்கிறார்கள் என்று கிராம உத்தியோகத்தரோடு மல்லுக்கட்டாத பிரிவு குறைவு. ஒரு கணக்குக்காக, 10 இலட்சம் குடும்பங்களுக்கு இதைக் கொடுத்தாலும் 25 பில்லியன். மொத்தத்தில் 5 வீதம். அதில் பத்துக்கு ஒன்று தவறான ஆளுக்குப் போயிருந்தால் 2.5 பில்லியன், அதாவது அரை வீதம்.

மறுபக்கம், டித்வாவின் நேரடிப் பௌதிகச் சேதத்தை உலக வங்கி 410 கோடி டொலர் என்று மதிப்பிட்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 4 வீதம். அதில் வீதி, பாலம், ரயில் பாதை, நீர் வழங்கல் போன்ற உட்கட்டமைப்பு மட்டும் 42 வீதம் அளவில். வீடுகள் கால் பங்கு. பெரிய பணம் போவது ஒப்பந்தங்களுக்கும் வீட்டு மானியங்களுக்கும். நாமோ 25,000 ரூபாய்க்கு யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சிறிய தொகையில் தளர்வாக இருக்கலாம். வேகம்தான் முக்கியம், கொஞ்சம் தவறிப்போனாலும் பரவாயில்லை. பெரிய தொகையில்தான் இறுக்கம் வேண்டும். நம் நிர்வாகம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறது. 25,000 ரூபாய்க்கு ஐந்து ஆவணம் கேட்கிறது, பாலத்துக்குக் கேள்வி குறைவு.

பொருளா, காசா?

அனர்த்தம் நடந்த முதல் நாட்களில் சமைத்த உணவு, பிறகு குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கைப்படி உலர் உணவு என்பதே இலங்கையின் வழமையான ஒழுங்கு. கிராம உத்தியோகத்தர் பட்டியல் கொடுப்பார், பிரதேச செயலகம் அங்கீகரிக்கும், பொருள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ கடையிலிருந்தோ வரும்.

உலர் உணவுப் பொதியின் சிக்கல் அடுப்பில் தொடங்குகிறது. வெள்ளம் வடிந்த வீட்டில் கேஸ் சிலிண்டர் மிதந்து போயிருக்கும், விறகு ஈரம், குழாய்த் தண்ணீர் கலங்கல். ஐந்து கிலோ அரிசியும் பருப்பும் கையில் இருந்தும் சமைக்க வழியில்லை. பொதி வந்து சேர்வதற்குள் அக்கம்பக்கத்துக் கோவில், பள்ளிவாசல், விகாரைகளின் சமையல் ஓடிவிடும். பொதி வந்த பிறகு அது நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு நாள் இடைவெளி விழுகிறது. இந்த இடைவெளியைக் கவனிக்காத பிரதேச செயலகம் என்னதான் பொருள் இறக்கினாலும் திட்டு வாங்கும்.

கொழும்பை ஒட்டிய கொலன்னாவையிலும் சேதவத்தையிலும் காசுதான் சரி. இரண்டு மைல் தள்ளி எல்லாக் கடையும் திறந்திருக்கிறது. கூலியாள் ஒருவருக்கு நாளைக்கு 3,500 ரூபா என்று வைத்தால், இரண்டு பேர் இரண்டு நாள் சேறு அள்ள 14,000. கிணறு அல்லது நிலத்தடித் தாங்கி இறைக்கப் பம்பு வாடகை, குளோரின், நனைந்த சாமான் ஏற்றிப்போக லொறி என்று பார்த்தால் 25,000 சரியாகத்தான் முடிகிறது. இதே தொகையை மண்சரிவால் வீதி அறுந்துபோன மலையகத்து ஊருக்கு அனுப்பினால், கடையில் அரிசி இல்லாத இடத்தில் பணம் என்ன செய்யும்? அங்கே முதல் இரண்டு வாரம் பொருள், வீதி திறந்ததும் காசு. நாடு முழுவதற்கும் ஒரே சுற்றறிக்கை என்பதுதான் இங்கே வரும் தவறு. வீதி திறந்ததா இல்லையா என்பதை வைத்து மாவட்டச் செயலாளர் தீர்மானிக்க அதிகாரம் இருந்தால் போதும்.

காசு முறையில் மூன்று இடத்தில் சறுக்கல் வரும்.

முதலாவது, குடும்பம் என்றால் என்ன. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிகிற வீடுகள் வடகொழும்பில் ஏராளம். துப்புரவுப் பணம் வீட்டுக்கு, உணவுப் பணம் அடுப்புக்கு என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லாவிட்டால் அண்ணன் தம்பிக்குள் வழக்கு.

இரண்டாவது, வாடகைக் குடியிருப்பாளர். சேற்றை அள்ளுகிறவர் குடியிருப்பவர். காணி உறுதி வைத்திருக்கிறவர் வேறெங்கோ இருப்பார். துப்புரவுக் கொடுப்பனவை வீட்டு உரித்தைப் பாராமல் கொடுப்பது என்று இந்தமுறை அறிவித்தது நல்ல மாற்றம். ஆனால் வதிவிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்பைக் கேட்டால் பதுளையிலும் நுவரெலியாவிலும் பெயர் பதிந்து கொழும்பில் கடையில் வேலை செய்கிற இளைஞர்கள் வெளியே நிற்பார்கள். மின்பட்டியல் வீட்டுக்காரர் பெயரில். அதனால் பக்கத்து இரு வீட்டாரின் கையெழுத்தோடு ஒரு பிரகடனம் போதும் என்று ஏற்கவேண்டும். 25,000 ரூபாய்க்கு இதற்கு மேல் சோதனை நட்டம்.

மூன்றாவது, சேற்றுக் கோடு. உத்தியோகத்தர் வந்து பார்க்கும்வரை சுவரைக் கழுவாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. கழுவிவிட்டால் ஆதாரம் போய்விடும் என்ற பயம். ஆதாரத்துக்காகச் சேற்றுக்குள் பிள்ளைகளை வைத்திருக்கச் செய்கிற முறை எந்த வகையில் நல்ல முறை? அளவு நாடாவைச் சுவரோடு பிடித்து, வீட்டு இலக்கம் தெரிய ஒரு படம், தண்ணீர் நின்ற உயரத்தில் சுவரில் ஒரு கோடு, நனைந்த குளிர்சாதனப் பெட்டி, மெத்தை, பாடப்புத்தகங்களின் படம்: இவை இருந்தால் கழுவிவிடலாம் என்று முதல் நாளே ஒலிபெருக்கியில் சொன்னால் பாதிப் பிரச்சினை இல்லை. தமிழிலும் சொல்லவேண்டும், சிங்களத்தில் மட்டும் வந்த படிவத்தைப் பிழையாக நிரப்பி நிராகரிக்கப்பட்டவர்களின் கோபம்தான் பிறகு இனப் பாகுபாட்டுக் குற்றச்சாட்டாக வருகிறது, சில இடங்களில் நியாயமாகவே.

வீடு: மானியமா, அரசே கட்டித் தருவதா?

இங்கேதான் நிற்கவேண்டும். முழுதாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம், காணியும் இழந்தவருக்கு அரச காணி அல்லது காணி வாங்க மேலும் 50 இலட்சம் வரை, பகுதிச் சேதத்துக்கு 25 இலட்சம் வரை என்பது டித்வாவுக்குப் பின் அறிவித்த அளவுகோல். முந்தியவற்றோடு ஒப்பிட்டால் பாய்ச்சல்தான். 2004 சுனாமிக்குப் பின் முழுச் சேதத்துக்கு 250,000 ரூபா, பகுதிச் சேதத்துக்கு 100,000. வடகிழக்கில் இந்திய வீடமைப்புத் திட்டம் 550,000 ரூபா கொடுத்தது. ரூபாவின் பெறுமதி இறங்கியதைக் கழித்தாலும் இன்றைய தொகை பெரிது.

சுனாமிக்குப் பிறகு இரண்டு முறையும் அருகருகே ஓடின. கடலோரத் தடை வலயத்துக்கு வெளியே இருந்தவர்கள் கட்டங்கட்டமாகப் பணம் வாங்கித் தாமே கட்டினார்கள். வலயத்துக்குள் இருந்தவர்களுக்கு (தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று அன்றைக்கு வகுத்தார்கள்) கொடையாளர் நிறுவனங்கள் வேறிடத்தில் வீடு கட்டின. தாமே கட்டியவர்கள் விரைவாக முடித்தார்கள். சமையலறை எங்கே, கிணறு எங்கே என்பது அவர்கள் கையில் இருந்தது. கட்டிக்கொடுத்த வீடுகள் பலவற்றில் மீனவர்கள் கடலிலிருந்து தூரமாகத் தள்ளப்பட்டார்கள்; வீடு பூட்டிக் கிடக்க, ஆட்கள் மறுபடி கரையில். உதவிப் பணத்தில் கட்டி யாரும் குடியிராத வீட்டைவிடப் பெரிய வீண் வேறில்லை. இன்னொன்றும் சுனாமிக்கு அடுத்த வருடம் நடந்தது. வடகிழக்கில் உதவியைப் பங்கிட அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் கைச்சாத்திட்ட கூட்டுப் பொறிமுறையின் முக்கிய பகுதிகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. பணம் இருந்தும் அதைப் பங்கிடும் அமைப்பு யாருடையது என்ற தகராறில் மாதங்கள் போயின.

ஆகவே தாமே கட்டும் முறை என்று முடிவெடுத்துவிடலாமா? அதற்கும் ஒரு விலை உண்டு. பணம் அத்திவாரம், லின்டல் மட்டம், கூரை, பூச்சு என்று நான்கு கட்டமாக வருகிறது என்று வையுங்கள். அத்திவாரம் முடிந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து அறிக்கை எழுதவேண்டும். ஒரு பிரதேச செயலகத்தில் அப்படிப்பட்டவர் ஓரிருவர்; வீடுகளோ நூற்றுக்கணக்கில். அறிக்கை மூன்று வாரம் தாமதித்தால் மேசன் வேறு வேலைக்குப் போய்விடுவார். மேசனை விடாமல் வைத்திருக்க வட்டிக்குக் கடன். அதே மாதத்தில் மாவட்டம் முழுவதும் வீடு கட்டுவதால் மணலும் கல்லும் விலை ஏறும். வன்னியில் வீட்டுத் திட்டம் நடந்தபோது வீடு கிடைத்த குடும்பங்கள் கடனாளிகளாகவும் ஆனது இப்படித்தான்.

இதைத் தடுக்க மூன்று ஏற்பாடு போதும். முதல் தவணையை வேலை தொடங்குமுன் கொடுப்பது. அறிக்கை கேட்டு 7 நாளுக்குள் யாரும் வராவிட்டால் படத்தை வைத்தே அடுத்த தவணையை விடுவிப்பது. சீமெந்து, கம்பி, கூரைத் தகட்டை மாவட்ட மட்டத்தில் மொத்தமாக விலைபேசி, விரும்பியவர்கள் அந்த விலையில் எடுக்க விடுவது. மணலை அப்படிச் செய்ய முயலவேண்டாம், அது அரசியலாகிவிடும்.

சதுர அடிக்கு 10,000 ரூபா என்று கணக்கிட்டால் 50 இலட்சத்துக்கு 500 சதுர அடி. இரண்டு அறை, சமையலறை, குளியலறை. அதற்கு மேல் பெரிதாக அத்திவாரம் போடுகிற ஆசையைத் தொடக்கத்திலேயே தடுக்காவிட்டால் கூரையில்லாத சுவர்தான் மிஞ்சும். வரைபடத்தை அங்கீகரிக்கும்போதே பரப்பளவுக்கு எல்லை வைக்கலாம். பிற்காலத்தில் மேலே கட்டத் தூண் மட்டும் விடலாம்.

காணிப் பணம் கொழும்பில் உதவாது என்பதையும் சொல்லவேண்டும். நகர அபிவிருத்தி அதிகாரசபை வழமையாகக் கேட்கும் குறைந்தபட்சக் காணித் துண்டு 6 பேர்ச்சஸ். 50 இலட்சத்தை ஆறால் பிரித்தால் பேர்ச் 8 இலட்சத்துக்குச் சற்று மேல். கொலன்னாவை, கடுவெலப் பக்கம் தண்ணீர் ஏறாத மேட்டில், வீதியோரமாக அந்த விலைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைப்பது பெரும்பாலும் நிரப்பிய வயல். அடுத்த வெள்ளத்தில் அதுவும் போகும். எனவே களனித் தாழ்நிலத்தில் மாடிக் குடியிருப்பு தவிர வேறு வழி பெரிதாக இல்லை. மலையகத்தில் தனி வீட்டு மானியம். ஒரே நாட்டில் இரண்டு விடை.

லயன் அறையின், அதாவது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டு அறையின், கதை வேறு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்று தலைமுறையாக இருந்தாலும் அது தோட்டத்தின் சொத்து. நிலம் அரசுடையது, 1992இலிருந்து கம்பனிகளுக்குக் குத்தகை. உரித்துள்ள வீடு அழிந்தால் 50 இலட்சம் என்று விதி எழுதினால், அதே மண்சரிவில் அழிந்த லயனுக்கு எந்த வரிசையில் பணம்? உறுதியைப் பார்க்காமல் "குடியிருந்த வீடு" என்று எழுதினாலொழிய, வரி கட்டும் மலையகத் தொழிலாளி இந்தத் திட்டத்தில் பார்வையாளராகவே நிற்பார். காணிக்கு, அபாயமற்ற பகுதியில் தோட்டக் காணியை விடுவித்து உறுதியோடு கொடுப்பதே மலிவான வழி. 50 இலட்சம் கொடுத்து வாங்கவேண்டியதில்லை, நிலம் ஏற்கெனவே அரசுடையது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கிடைக்குமுன் எந்த இடத்தையும் அளக்கக்கூடாது என்பது மட்டும் கட்டாயம். சரிவிலிருந்து எடுத்து இன்னொரு சரிவில் வைப்பதற்கு வரிப்பணம் தேவையில்லை.

"ஏன் அங்கே கட்டினாய்?"

வாதத்தில் கனமான கேள்வி இதுதான், தட்டிக்கழிக்கக் கூடாது. 2016 மே வெள்ளத்தில் மூழ்கிய கொலன்னாவைத் தெருக்கள் பல டித்வாவிலும் மூழ்கின. ஒரே வீட்டுக்கு எத்தனை முறை கொடுப்பது?

அமெரிக்கா இதற்கு வருடக்கணக்கில் தவறான விடை கொடுத்தது. 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டம் ஆபத்துக்கேற்ற கட்டணம் வாங்காமல், திரும்பத் திரும்ப மூழ்கும் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் பணம் கொடுத்தது. 2017இல் அந்தத் திட்டம் திறைசேரிக்குத் தரவேண்டிய 16 பில்லியன் டொலர் கடனை அந்நாட்டுக் காங்கிரஸ் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

அதற்காக, கரையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கொடுக்காதே என்பதும் விடையில்லை. களனி அணைக்கட்டின் ஆற்றுப்பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு மின்சாரம் கொடுத்தது அரசு, குழாய்த் தண்ணீர் கொடுத்தது அரசு, சோலை வரி வாங்கியது உள்ளூராட்சிச் சபை. அணைக்கட்டுக்கு உள்ளே இருக்கும் தாழ்நிலத்தை நிரப்ப அனுமதி கொடுத்ததும் அதிகாரிகளே. நிரப்பியவர் லாபத்தோடு போனார், தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போனது. மூழ்கும் தெருவில் இருப்பவரே தவறு செய்தவர் என்று எப்போதும் இல்லை.

நாம் சொல்லும் ஒழுங்கு: துப்புரவு, உணவு, வாடகைக் கொடுப்பனவு எத்தனை முறை மூழ்கினாலும், கேள்வியில்லாமல். கட்டுமான மானியம் அதே இடத்தில் ஒருமுறை மட்டும். இரண்டாம் முறை இடம்மாறினால்தான் பெரிய தொகை. இடம்மாறுவதற்கான வீடு உண்மையில் தயாராக இருந்தால் மட்டுமே இந்த விதி நியாயமாகும், இல்லாவிட்டால் அது வெறும் மிரட்டல். கைவிட்ட காணியை அன்றே எடுத்து வேலி போட்டு நீர்தேங்கும் நிலமாக விடவேண்டும். இரண்டு மாதம் சும்மா விட்டால் அங்கே புதிதாக ஒருவர் பலகை அடித்திருப்பார், அடுத்த வெள்ளத்தில் அவரும் பட்டியலில்.

காப்புறுதி என்ற மூன்றாவது வழி

நிவாரணத்தைப் பாராளுமன்றம் வாக்கெடுத்துக் கொடுப்பதைவிட, முன்கூட்டியே காப்புறுதி வாங்கிவிட்டால் என்ன? இலங்கை இதை முயன்றது. 2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் மூலம் தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் தொடங்கியது. கட்டணம் 300 மில்லியன் ரூபாவை அரசே கட்டியது. காப்பு 10 பில்லியன். வீட்டுக்கு 25 இலட்சம் வரை, உயிரிழப்புக்கு ஓர் இலட்சம், சிறு வியாபாரத்துக்கும் காப்பு.

காகிதத்தில் அருமையான வியாபாரம்: காப்புத் தொகையில் 3 வீதம்தான் கட்டணம். ஆனால் 10 பில்லியனை 25 இலட்சத்தால் வகுத்துப் பாருங்கள்: 4,000 வீடுகள் முழுத்தொகை கேட்டால் காசு முடிந்தது. திட்டம் தொடங்கி அடுத்த மாதமே களனி பெருகியது, அரநாயக்கவில் மலை சரிந்தது. அடுத்த வருடம் மே மாதம் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை. இப்படி அடுத்தடுத்து விழுந்தால், காப்புறுதி நிறுவனங்களே காப்புறுதி வாங்கும் மீள்காப்புறுதிச் சந்தையில் கட்டணம் ஏறுவது இயல்பு. அது மட்டுமல்ல, வீட்டுக்கு வீடு சேத மதிப்பீட்டாளர் போகவேண்டும். பத்தாயிரக்கணக்கான வீடுகளுக்கு மதிப்பீட்டாளர் எங்கே? குடும்பத்துக்குப் பணம் தேவை முதல் மாதத்தில். மதிப்பீடு முடிவது வேறொரு மாதத்தில்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது அளவுகோல் காப்புறுதி: களனி ஆற்றின் உயரத்தை அளக்கும் நாகலகம் வீதி வெள்ளமானி இவ்வளவு உயரம் காட்டினால் அரசுக்கு இவ்வளவு பணம், மதிப்பீடு இல்லை. கரீபியன் நாடுகள் 2007இலிருந்து இப்படியொரு கூட்டு நிதியை நடத்துகின்றன. பணம் நாட்கணக்கில் வரும். கொழும்பில் இது எங்கே இடறும் என்றால், நகரம் இரண்டு விதமாக மூழ்குகிறது. மேலே மலையில் பெய்து களனி வருவது ஒன்று. நகரத்துக்குள்ளேயே இரண்டு மணிநேரம் கொட்டி, கால்வாய் ஏற்றுக்கொள்ளாமல் நிற்பது மற்றது. இரண்டாவதில் ஆற்றுமானி அசையாது, வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மழைமானியையும் ஒப்பந்தத்தில் சேர்த்தாலொழிய அந்த வெள்ளத்துக்கு ஒரு சதமும் வராது. அரசின் முதல் வாரச் செலவுக்கு இந்த வகைக் காப்புறுதி பொருத்தம், குடும்பத்தின் வீட்டுக்கல்ல.

குடும்பங்களைக் கட்டாயமாகக் காப்புறுதி எடுக்க வைக்கலாமே என்பவர்கள் துருக்கியைக் காட்டுவார்கள். 1999 நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே கட்டாயக் காப்புறுதி வந்தது. மின், நீர் இணைப்புக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும். வெல்லம்பிட்டியில் பாதி மின்கணக்குகள் எப்போதோ இருந்தவர் பெயரில் இருக்கும்போது அந்த முறை இங்கே ஓடாது. வீட்டுக் கடன் வாங்கியவர்கள் மட்டும் ஏற்கெனவே தீக் காப்புறுதி வைத்திருப்பார்கள். அதில் வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தின் பின்னிணைப்பைப் பார்க்கவேண்டும்; காப்புறுதித் தொகையையும் பார்க்கவேண்டும். 80 இலட்சம் பெறுமதியான வீட்டை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், சராசரி விதியின்படி 10 இலட்சம் சேதத்துக்கு 5 இலட்சம்தான் வரும். வங்கிக்கு அதன் கடன் அளவுக்குக் காப்பு இருந்தால் போதும், வீட்டுக்காரருக்குப் போதாது.

பணம் எங்கிருந்து?

சிறப்பு வரி ஒரு வழி. குவீன்ஸ்லாந்து வெள்ளத்துக்குப் பின் அவுஸ்திரேலியா 2011 ஜூலையிலிருந்து ஒரே ஒரு வருடம் வருமானத்தின் மீது வரி போட்டது: 50,000 டொலருக்கு மேல் அரை வீதம், ஒரு இலட்சத்துக்கு மேல் ஒரு வீதம், வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு விலக்கு. சொன்ன நாளில் எடுத்தும்விட்டார்கள். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளம் 2019 ஓகஸ்டிலிருந்து இரண்டு வருடம், பொருட்கள், சேவைகள் மீது ஒரு வீத வெள்ள வரி. அதுவும் சொன்னபடி முடிந்தது.

இங்கே? 2009இல் வந்த தேச நிர்மாண வரி 2019 இறுதிவரை ஓடியது. தற்காலிகம் என்று வரும் எதையும் கொழும்பு வியாபாரி நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. பொருட்களின் மீது போட்டால் வெள்ளத்தில் மெத்தை இழந்தவரே புது மெத்தைக்கு அந்த வரியையும் கட்டுவார். வருமானத்தின் மீது போட்டால் கட்டுகிறவர்கள் மிகக் குறைவு, அதுவும் பெரும்பாலும் சம்பளக்காரர்கள். இரண்டும் வேண்டாம் என்பதே எமது பக்கம்.

கடன் இன்னொரு வழி. சர்வதேச நாணய நிதியம் 2025 டிசம்பரில் சுமார் 206 மில்லியன் டொலர் அவசரக் கடன் கொடுத்தது. இங்கே ஒரு ஒழுங்கைப் பிடிக்கலாம்: பாலத்துக்குக் கடன், துப்புரவுக்கு அரச வருமானம். ஐம்பது வருடம் நிற்கும் பாலத்தின் கடனைப் பிள்ளைகள் கட்டுவது நியாயம். சேறு அள்ளிய கூலியை இருபது வருடக் கடனில் கொடுத்தால், அதற்கிடையில் வரும் இரண்டு மூன்று வெள்ளத்தின் கூலியும் அதன்மேல் ஏறும்.

அதைவிடச் சிறந்தது அனர்த்தத்துக்கு முன்பே பேசிவைத்த கடன். உலக வங்கியோடு 2014இல் 102 மில்லியன் டொலருக்கு அப்படியொரு ஒப்பந்தம் இருந்தது. 2016 வெள்ளத்தில் எடுத்தார்கள். அனர்த்தம் நடந்தபின் கடன் தேடும்போது பேரம்பேசும் நிலை இருக்காது, மாதங்கள் போகும். பணம் முன்கூட்டியே நிற்கும்போது, எவ்வளவு உயரத் தண்ணீருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற அட்டவணையையும் முன்கூட்டியே வர்த்தமானியில் போட்டுவிடலாம். இப்போது ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புதுத் தொகை, புதுச் சுற்றறிக்கை. 2017இல் வீட்டிழந்தவருக்கு ஒரு கணக்கு, 2025இல் இழந்தவருக்கு வேறு கணக்கு. தேர்தல் கிட்டினால் இன்னொரு கணக்கு.

பட்டியலும் முறையீடும்

எந்த வழியைத் தேர்ந்தாலும் கடைசியில் எல்லாம் ஒரு பட்டியலில் முடிகிறது. தனியுரிமைக்காக அடையாள அட்டை இலக்கத்தை மறைத்து, வீட்டு இலக்கம், தெரு, கொடுப்பனவு வகை, தொகை இவற்றை மட்டும் மும்மொழியிலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதும். தெருக்காரர்களே கணக்காய்வு செய்துவிடுவார்கள். முறையீட்டுக்கு 14 நாள். அதைக் கேட்பவர் முதல் பட்டியலைத் தயாரித்தவராக இருக்கக்கூடாது. பக்கத்துப் பிரதேச செயலகத்து உத்தியோகத்தர் ஒருவரைப் போடலாம், மேலதிகச் செலவில்லை. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில், விண்ணப்பித்த மொழியில் கொடுக்கவேண்டும். அரசியல் குழுக்களைப் பட்டியல் மேசையிலிருந்து தள்ளி வைப்பது கடினம்தான். ஆனால் யார் பரிந்துரைத்தது என்று பட்டியலில் ஒரு நிரல் சேர்த்துவிட்டால் பரிந்துரைகள் தாமாகக் குறையும். விண்ணப்பித்தவர் கையில் பிரதி ஒன்று, திகதி முத்திரையோடு: முறையீட்டில் முதலில் கேட்பது அதைத்தான், பெரும்பாலானவர்களிடம் இல்லாததும் அதுதான்.